நைட் டூட்டியில் எத்தனை பேர்?

(செவிலியர் சங்க ஆண்டுக் கூட்டம் ஒன்றில், பணி ஓய்வு பெற்ற மனநலச் செவிலியப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘மனநலச் செவிலியத்தில் மனிதவளப் பற்றாக்குறையும் தொழிற்சங்கத்தின் கடமையும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் நான் வேலை பார்த்த வார்டில் யாரும் ‘மனிதவளப் பற்றாக்குறை’ என்று வாயால் சொல்லிக் கேட்டதில்லை. சாயங்காலம் டூட்டி மாற்றும்போது ஒரே கேள்விதான் கேட்போம்: “நைட்டுக்கு எத்தனை பேர்?” இருவர் என்றால் முகம் தெளியும். ஒருவர் என்றால் யாரும் எதுவும் பேசமாட்டோம். சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போவோம்.

எண்பதுகளின் நடுவில், மனநல நர்சிங் டிப்ளமோவுக்காக ஒரு பெரிய மனநல மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தேன். ஊர், பேர் வேண்டாம். பெண்கள் வார்டு. 58 பேர். கட்டில் அவ்வளவு கிடையாது. சிலர் பாயில்தான் படுத்திருப்பார்கள். பதினாலாம் கட்டில் ஓர் அம்மாவுடையது. ஐம்பது வயது இருக்கும். பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராத்திரி ஒரு மணி, ஒன்றரை மணி வாக்கில் எழுந்து தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பிப்பார். நடக்க நடக்க வேகம் கூடும். தடுத்தால் கத்துவார். அவர் கத்தினால் வார்டே விழித்துக்கொள்ளும். வார்டு விழித்துக்கொண்டால் விடிய விடிய யாருக்கும் தூக்கமில்லை.

இருவர் இருக்கிற ராத்திரியில் சிஸ்டர் என்னைப் பார்த்து, “நீ கூட நட” என்பார். நடந்தேன். முதல் நாள் பயமாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அவர் வாய்க்குள் முணுமுணுப்பது என்ன என்று காதில் விழுந்தது. பஸ் ஸ்டாப்புகள். “திருமங்கலம்... கள்ளிக்குடி... விருதுநகர்... சாத்தூர்.” தாழ்வாரத்தின் இந்த முனை மதுரை. ஒவ்வொரு தடவை அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும்போதும் ஒரு ஸ்டாப். சாத்தூர் வந்ததும் “இறங்கணும்” என்று சொல்லி நின்றுவிடுவார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினாலாம் கட்டிலில் விட்டால் அப்படியே தூங்கிவிடுவார். கேஸ் ஷீட்டில் சொந்த ஊர் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. பத்து வருடத்துக்கு மேல் அந்த வார்டில் இருந்தவர். கூட நடக்க ஆள் இருந்ததால்தான் ஊர் தெரிந்தது.

ஒருவர் மட்டும் இருக்கிற ராத்திரியில் என்ன நடக்கும்? சிஸ்டர் அவர்கூட நடந்தால் மற்ற 57 பேரை யார் பார்ப்பது? அதனால் எழுந்து நடக்க ஆரம்பித்ததுமே செரனேஸும் பெனர்கனும் ஊசியில் ஏறும். அப்படியும் அடங்காவிட்டால் செல். இரும்புக் கதவு, கொண்டி, பூட்டு. அன்றைக்கு அவர் கள்ளிக்குடியைத் தாண்டமாட்டார். அந்த சிஸ்டர் ஈரமில்லாதவர் இல்லை. இருவர் இருக்கும்போது “நீ கூட நட” என்று சொன்னவரே, ஒருவராக இருக்கும்போது ஊசியை எடுத்தார். அதே நோய், அதே ஆள், அதே சிஸ்டர். மாறியது ஒரே எண்தான்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், மற்ற வார்டில் ஆள் குறைந்தால் மருந்து கொடுப்பது தாமதமாகும், டிரெஸ்ஸிங் தள்ளிப்போகும், டிரிப் தீர்ந்தது தெரியாமல் போகும். வேலை குறையும், ஆனால் வேலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மனநல வார்டில் அப்படியில்லை. அங்கே செவிலியர்தான் கருவி. பேச்சுதான் சிகிச்சையில் பாதி. ஆள் இல்லையென்றால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பூட்டு, ஊசி, கயிறு, சங்கிலி. பற்றாக்குறை எங்கள் துறையில் வெற்றிடமாகத் தெரிவதில்லை, இரும்பாகத் தெரியும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். தற்கொலை எண்ணம் உள்ள ஒரு நோயாளி. ஒரு கணம்கூடக் கண் அகலாமல் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார். ஒரு நாற்காலி, அவ்வளவுதானே? வாரத்துக்கு 168 மணி நேரம் அந்த நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. ஒருவர் வாரம் 48 மணி வேலை பார்த்தால் மூன்றரை ஆள் வேண்டும். சி.எல்., மெடிக்கல் லீவு, பிரசவ விடுப்பு எல்லாம் சேர்த்தால் நாலு ஆளுக்கு மேல். இங்கிலாந்தில் வாரம் 37.5 மணிதான், அங்கே இதே நாற்காலிக்கு ஐந்து பேர் வேண்டும். ஒரே ஒரு நோயாளிக்கு! டாக்டர் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த வரிக்கு ஐந்து சம்பளம் என்பது நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் நிர்வாகம் அந்த வரியைப் படித்தும் படிக்காத மாதிரி இருக்கும்.

சங்கிலி என்றேன். ஏர்வாடியை மறந்திருக்கமாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6. விடிகாலையில் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். எல்லோரும் சங்கிலியைப் பற்றிப் பேசினார்கள், பேசவேண்டியதுதான். எனக்கு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, மனதில் ஓடுவது வேறு கேள்வி. அந்த ராத்திரி அங்கே டூட்டியில் எத்தனை பேர்? சங்கிலி எதற்கு? ராத்திரி முழித்திருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதற்குத்தான். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் போதும், சம்பளம் கேட்காது, லீவு கேட்காது, சங்கம் வைக்காது.

உச்ச நீதிமன்றம் ஏர்வாடி விஷயத்தைத் தானாகவே முன்வந்து எடுத்து விசாரித்தது. பிறகு 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதன் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அதே சட்டத்தில் ‘மனநலச் செவிலியர்’ என்றால் யார் என்று ஒரு வரையறை இருக்கிறது. படித்துப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? பொது நர்சிங்கிலோ மனநல நர்சிங்கிலோ டிப்ளமோ அல்லது பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர் என்று இருக்கிறது. ‘பொது நர்சிங்கிலோ’! அதாவது, சட்டப்படி இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருமே மனநலச் செவிலியர்தான். பிரசவ வார்டில் இருபது வருடம் இருந்தவரைத் திங்கட்கிழமை காலை மனநல வார்டுக்கு மாற்றினால் செவ்வாய்க்கிழமை பற்றாக்குறை தீர்ந்துவிட்டது என்று கோப்பில் எழுதிவிடலாம். எந்தப் பஞ்சத்தையும் தீர்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது: மரக்காலைச் சின்னதாக்கிவிட்டால் நெல் நிறைய இருக்கும்.

பொது நர்சிங் படிக்கும்போது மனநல வார்டுக்கு எத்தனை நாள் போனோம் என்பது உங்களுக்கே தெரியும். சில வாரங்கள். அதிலும் பாதி நாள், ‘கேஸ் ஸ்டடி’ எழுதுவதற்கு அமைதியான நோயாளியைத் தேடியே போய்விடும். முறையான படிப்பு இல்லாமல் இல்லை. பெங்களூரில், இன்றைக்கு நிம்ஹான்ஸ் என்று சொல்கிறோமே, அங்கே மனநல நர்சிங் டிப்ளமோ ஐம்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. படித்தவரை அந்த வேலையில் வைக்கிறோமா என்பதுதான் கேள்வி. என்னோடு டிப்ளமோ முடித்த தோழிகளில் ஒருத்தி அடுத்த பத்து வருடமும் கண் அறுவை அரங்கில் இருந்தாள். கேட்டால், “பேசத் தெரிஞ்சவ, கண்ணைக் கட்டினவங்ககிட்ட பேசிட்டிருக்கேன்” என்று சிரிப்பாள்.

தேவை எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். 2015–16இல் நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு இருக்கிறார்கள் என்றது அது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்றும் சொன்னது.

ஆள் ஏன் வருவதில்லை? சம்பளம் மட்டும் காரணமில்லை. சென்னையில் 1794இல் தொடங்கிய ஒரு காப்பகத்தின் தொடர்ச்சி கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பேட்டையின் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். சினிமாவில் ஒருவனை மட்டம் தட்டவேண்டுமென்றால் அந்த ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், தியேட்டர் சிரிக்கும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா, “பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டபோது காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே திரும்பினார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஐ.சி.யு.வில் வேலை என்றால் கெட்டிக்காரி. மனநல வார்டில் வேலை என்றால், ‘அங்கேயே இருந்து இவளுக்கும் ஏதாவது...’ இந்தப் பயத்தை எந்த அரசாணையும் போக்காது.

சரி, சங்கத்துக்கு வருவோம். இதைப் பேசத்தானே கூப்பிட்டீர்கள்.

செவிலியர் சங்க வரலாறு என்றால் நமக்கு நைட்டிங்கேல் அம்மையார், விளக்கு, உறுதிமொழி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்றுநராக நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், மன்னியுங்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலைக்காரர்களின் போராட்ட வரலாறு விளக்கு ஏந்தியவர்களிடமிருந்து தொடங்கவில்லை. சாவிக்கொத்து ஏந்தியவர்களிடமிருந்து தொடங்கியது. 1910இல் அங்கே தேசியப் புகலிடத் தொழிலாளர் சங்கம் உருவானது. புகலிடம் என்றால் அந்தக் கால மனநோய் ஆஸ்பத்திரி. முந்தைய வருடம் வந்த ஓய்வூதியச் சட்டம் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் விதம் பிடிக்காமல்தான் முதலில் ஒன்று கூடினார்கள். ஆண் காப்பாளர்கள், பெண் நர்ஸுகள், எல்லோரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். புகலிடத்துக்குள்ளேயே தங்கவேண்டும், வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டும். வாரத்துக்கு இத்தனை மணி என்று வரம்பு கேட்டதுதான் அவர்களது பெரிய சண்டை.

1918இல் முதல் உலகப் போர் முடிகிற தறுவாயில் லங்காஷயரில் பிரெஸ்ட்விச், விட்டிங்ஹாம் புகலிடங்களில் வேலைநிறுத்தம். அதே வருடம் கார்ன்வாலில் போட்மின் புகலிடத்தில் பெண் நர்ஸுகள் சங்க பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொள்ளும் உரிமைக்காக வேலையை நிறுத்தினார்கள். ஒரு பேட்ஜுக்காக! சிரிக்காதீர்கள். சங்கத்தில் இருப்பதை வார்டில் காட்டிக்கொள்ள முடியாதவர், ராத்திரி ஆள் போதவில்லை என்பதை எங்கே போய்ச் சொல்வார்?

1922 ஏப்ரல் மாதத்துக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் ராட்கிளிஃப் என்ற ஊர்ப் புகலிடம். நிர்வாகம் கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்டியது. வேலைநிறுத்தம் செய்தால் என்ன ஆகும்? நோயாளிகளை விட்டுவிட்டு வெளியே போய்க் கொடி பிடிக்கவேண்டும். அந்தப் பெண்கள் வெளியே போகவில்லை. வார்டுக்குள் இருந்துகொண்டு கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு முட்டுக்கொடுத்துவிட்டார்கள். அதிகாரிகளை உள்ளே விடவில்லை. கடைசியில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. அப்போது நோயாளிகள் நர்ஸுகளின் பக்கம் நின்று போலீஸோடு மல்லுக்கட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். தங்களைப் பூட்டி வைக்கும் சாவியை வைத்திருந்தவர்களுக்காக, பூட்டப்பட்டவர்கள் சண்டை போட்டார்கள். போராட்டம் தோற்றது, வேலை போயிற்று. ஆனால் ‘நர்ஸ் போராடினால் நோயாளிக்குக் கஷ்டம்’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வார்டு நினைவுக்கு வருகிறது. அந்த நோயாளிகளுக்கு ஏதோ ஒரு கணக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சங்கம் பெயர் மாறி, வேறொரு சங்கத்தோடு சேர்ந்து 1946இல் ‘கோஸ்’ ஆனது. 1993இல் இன்னும் இரண்டு சங்கங்களோடு சேர்ந்து ‘யுனிசன்’ ஆனது. இன்னொரு பக்கம் 1916இல் தொடங்கிய செவிலியர் கல்லூரி. பின்னாளில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங். பெயரில்தான் கல்லூரி; படிப்பு, கௌரவம், தொழில் ஒழுங்கு என்று பேசிய அமைப்பு. ஆண்களை 1960 வரை சேர்க்கவில்லை. வேலைநிறுத்தம் கூடாது என்று அதன் விதியிலேயே இருந்தது. 1995இல்தான் அதை மாற்றினார்கள். அப்படிப்பட்ட அமைப்பு 2019 டிசம்பரில் வடக்கு அயர்லாந்தில் முதன்முதலாக வேலைநிறுத்தம் செய்தது. சம்பளம் மட்டுமல்ல, பாதுகாப்பான ஆள் எண்ணிக்கையும் கோரிக்கை. 2022 டிசம்பர் 15, 20 தேதிகளில் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்துகொண்டன. நூற்றாறு வருட வரலாற்றில் அப்படி நடந்ததில்லை.

அந்த நிலைமைக்கு எப்படி வந்தார்கள் என்பதில் மனநலத் துறைக்கென்று தனிக்கதை உண்டு. அங்கே மனநல நர்சிங் தனிப் படிப்பு, தனிப் பதிவு. நம் பிள்ளைகள் அங்கே போனால் பெரும்பாலும் ‘அடல்ட் நர்ஸ்’ என்றுதான் பதிவாகிறார்கள். அதனால் வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து மற்ற வார்டுகளை ஓரளவு நிரப்ப முடிந்தாலும், மனநல வார்டுகளை அப்படி நிரப்ப முடியவில்லை. உள்ளூரிலேயே ஆள் வளர்க்கவேண்டும். இந்தப் படிப்புக்கு அங்கே அதிகம் வருவது பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இல்லை. வாழ்க்கையில் கொஞ்சம் அடிபட்டு, குடும்பம் குழந்தை என்று ஆனபின் வருகிறவர்கள். இந்த வேலைக்கு அந்த வயது நல்லது என்பது என் அபிப்பிராயம். அவர்கள் எதை நம்பி வந்தார்கள்? படிக்கும்போது அரசு கொடுத்த உதவித்தொகையை. 2017இல் இங்கிலாந்து அதை நிறுத்திக் கடனாக மாற்றியது. வயது கூடியவர்களின் விண்ணப்பம் சரிந்தது. ஏற்கெனவே 2010இல் 40,000க்கு மேல் இருந்த மனநலச் செவிலியர் எண்ணிக்கை, 2017க்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. கட்டிலைக் குறைக்கிறோம், சமூகத்துக்குள் சிகிச்சை கொண்டுபோகிறோம் என்றார்கள். சமூகத்துக்குள் போகவும் ஆள் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2020இல் உதவித்தொகையில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து, மனநலப் பிரிவுக்குக் கூடுதலாக ஆயிரம் பவுண்டு என்றார்கள். காய்ந்துபோன வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கடைமடைக்கு வர நாளாகும்.

2022 போராட்டம் என்ன வாங்கிக்கொடுத்தது? ஐந்து சதவீத உயர்வும் ஒருமுறைத் தொகையும். ராயல் காலேஜ் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. ஆனால் மற்ற சங்கங்கள் ஏற்றதால் நிறைவேறியது. மறுபடி 2023இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்களித்தவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் போராடத் தயார். ஆனால் பாதிப் பேராவது வாக்களித்திருக்கவேண்டும் என்பது அப்போது அங்கே சட்டம். அது எட்டவில்லை. முடிந்தது. எனக்கு இதில் ஒரு மனக்குறை. மேடையில் ‘ஆள் போதவில்லை’ என்று தொடங்கிய பேச்சு, மேஜையில் ‘எத்தனை சதவீதம்’ என்று முடிந்தது. சம்பளம் கூடினால் ஆள் நிற்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சதவீதத்தைப் பேரம் பேசலாம்; ராத்திரி வார்டில் எத்தனை பேர் என்பதைப் பேரம் பேச அவர்கள் மேஜையில் ஒரு எண்ணே இல்லை.

ஏன் இல்லை? இருந்திருக்கவேண்டியது. 2014இல் அங்கே ‘நைஸ்’ என்ற அமைப்பு, பொது வார்டில் பகலில் ஒரு நர்ஸுக்கு எட்டுப் பேருக்கு மேல் போனால் ஆபத்துக்கான அறிகுறி என்று வழிகாட்டல் வெளியிட்டது. அடுத்தடுத்த வழிகாட்டல்கள் வரிசையில் இருந்தன. மனநல வார்டும் அந்த வரிசையில் இருந்தது. 2015இல் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வேல்ஸில் 2016இல் சட்டமே வந்தது. பெரியவர்களுக்கான மருத்துவ, அறுவை வார்டுகள் முதலில். 2021இல் குழந்தைகள் வார்டு. மனநல வார்டு அதில் இடம்பெறவில்லை. அங்கேயும் நாங்கள் கடைசிப் பந்திதான்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா செவிலியர் சங்கம் 1999இல் போராடி ஒரு சட்டம் வாங்கியது. 2004இல் அமலுக்கு வந்தது. மனநல வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர். அன்றைய ஆளுநர் ஷ்வார்ஸ்நெக்கர் அந்தச் சட்டத்தின் சில பகுதிகளைத் தள்ளிப்போடப் பார்த்தார். சினிமாவில் யாரும் அவரை ஜெயிக்கமுடியாது. நர்ஸுகள் தெருவிலும் கோர்ட்டிலும் ஜெயித்தார்கள். ஆறு என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. பயிற்சியில்லாத ஆளை நிறுத்தியும் எண்ணை நிரப்பலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எண் என்று ஒன்று எழுதியிருந்தால், மீறப்பட்டது என்று காட்டலாம். எழுதாததை எப்படி மீறமுடியும்?

நம் ஊருக்கு வருகிறேன். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு எழுதி 7,000க்கும் மேற்பட்ட செவிலியர்கள் வேலைக்கு வந்தார்கள். ஒப்பந்த அடிப்படை, மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தார்களே, அந்த நாட்கள் இங்கே பலருக்கு நினைவிருக்கும். உட்கார்ந்தவர்கள் சிலர் இங்கேயே இருக்கிறீர்கள். உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. சம்பளம் பிறகு படிப்படியாகக் கொஞ்சம் ஏறியது. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் என்றாலே நம் மாநிலத்தில் 2003 ஞாபகம் வரும். ஏறக்குறைய 1,70,000 பேரை ஒரே அடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்குச் சட்டப்படியும் உரிமையில்லை, தார்மீகப்படியும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் தேதியைப் பாருங்கள்: 2003 ஆகஸ்ட் 6. ஏர்வாடி எரிந்து சரியாக இரண்டு வருடம். தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் அந்தத் தேதியை நான் நினைக்காமல் இருந்ததில்லை.

ஒப்பந்தத்தில் இருக்கிற ஒரு பெண் மனநல வார்டில் என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள். நோயாளியோடு உறவு வளர ஆறு மாதம் ஆகும். சந்தேக நோய் உள்ளவர் உங்கள் கையால் மாத்திரை வாங்கவே இரண்டு மாதம் பிடிக்கும். அதற்குள் இவளுக்கு மாறுதல், அல்லது புதுப்பிப்பு உண்டா இல்லையா என்ற கவலை. சொந்த வாழ்க்கையில் நாளைக்கு என்ன என்று தெரியாதவளை, நாளை மேல் நம்பிக்கை இழந்தவர்களின் பக்கத்தில் உட்கார வைக்கிறோம்.

அப்படியானால் சங்கம் என்னதான் செய்யவேண்டும்? வேலைநிறுத்தத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராய பேதம் கிடையாது. தேவைப்பட்டால் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சங்கத் தலைவர் யாரும் இல்லை. “நீ கூட நட” என்று சொன்னாரே, அதே சிஸ்டர்.

ராத்திரி டூட்டி ரிப்போர்ட் புக்கில் அவர் எதை எழுதுவதற்கு முன்னாலும் ஒரு வரி எழுதுவார். ‘நோயாளிகள் 58. பணியில் ஒருவர்.’ அவ்வளவுதான். புகார் இல்லை, கோரிக்கை இல்லை. தினமும். மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. “இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா, புக்கில் எழுதணுமா?” என்று ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார்கள். “தெரியும்னு எனக்குத் தெரியும் சார். எழுதினா எல்லாருக்கும் தெரியும்” என்றார். இரண்டு வருடம் அவருக்கு விரும்பிய லீவு கிடைக்கவில்லை. வரியை நிறுத்தவில்லை.

ஒரு ராத்திரி, நான் பயிற்சி முடித்து வேறிடம் போனபிறகு, குளியலறையில் ஒரு நோயாளி தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிழைத்துக்கொண்டார். விசாரணை வந்தது. வழக்கம்போல, டூட்டியில் இருந்தவரின் கவனக்குறைவு என்று கோப்பு எழுதத் தொடங்கினார்கள். டூட்டியில் இருந்தது இந்த சிஸ்டர்தான். சங்கத்திலிருந்து வந்தவர் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை; ஒல்லியான மனுஷர், ஜோல்னாப்பை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ரிப்போர்ட் புக்கைக் கொண்டாங்க.” இரண்டு வருட புக். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி. விசாரணை அதிகாரி பத்துப் பக்கம் புரட்டினாராம். பிறகு புரட்டவில்லை. சிஸ்டருக்குத் தண்டனை இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்த வார்டுக்கு ராத்திரியில் நிரந்தரமாக இருவர்.

இன்றைக்கு ரிப்போர்ட் புக் பல இடங்களில் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அதில் ஆள் எண்ணிக்கைக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் சங்கத்தின் முதல் கோரிக்கை அந்தக் கட்டமாக இருக்கட்டும். கட்டம் வரும்வரை, வீட்டில் பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நோயாளி எத்தனை, பணியில் எத்தனை. ஊசி எத்தனை போட்டோம், செல் எத்தனை தடவை பூட்டினோம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். அது அவர்கள் சொத்து. ஒரு வருடம் கழித்து, பணியில் இருப்பவர் எண்ணிக்கை இறங்கும்போது ஊசியும் பூட்டும் எப்படி ஏறுகின்றன என்று பாருங்கள். பேச்சுவார்த்தை மேஜைக்கு அதைக் கொண்டுபோங்கள். அப்போது சதவீதம் மட்டுமில்லாமல் இன்னொரு எண்ணும் மேஜையில் இருக்கும்.

சிஸ்டர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. வார்டில் இருவர் வந்தபிறகு அவரைப் பார்க்கப் போனேன். பேசிக்கொண்டே முந்தின ராத்திரி ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார், படி என்று. முதல் வரி வழக்கம்போல. பிறகு காய்ச்சல், பேதி, ஒருவருக்கு வலிப்பு. கடைசியில் இருந்தது இது: ‘பதினாலாம் கட்டில் 1.20க்கு எழுந்தார். சாத்தூர் வரை நடந்தார். 2.05க்குத் தூங்கினார். ஊசி போடவில்லை.’